சின்னப் பிள்ளைகளோடு ஊட்டி, குன்னூர் வருகிறவர்களுக்கு

குன்னூரில் வீடு இருந்தால் கோடை விடுமுறைக்குச் சொந்தக்காரர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். அக்கா வீட்டுப் பேரப்பிள்ளைகள், நாத்தனார் மகள் குடும்பம், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஏப்ரல், மே முழுக்க வாசலில் சின்னச் சின்னச் செருப்புகளாகக் கிடக்கும். கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் போன் போட்டுக் கேட்பது ஒரே கேள்விதான். "சித்தி, எந்தெந்த பாயிண்ட் பார்க்கலாம்?"

ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீட்டுக்கு என் பதில் எப்போதும் இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு இடம். அதுவும் காலையில். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்க வேண்டும். நாலு மணிக்கு மேல் வெளியே சுற்றல் கிடையாது. டிரைவர் கையில் இருக்கிற 'பத்து பாயிண்ட்' பட்டியலைப் பெரியவர்கள் மட்டும் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். குன்னூர் டால்பின் நோஸ் மலைமுனையில் போய் நின்றால் உங்களுக்குப் பள்ளத்தாக்கும் கேத்தரின் அருவியும் தெரியும். உங்கள் இடுப்பு உயரம் கூட இல்லாத பிள்ளைக்குக் கம்பித் தடுப்புதான் தெரியும். அதே பிள்ளையை ஒரு புல் சரிவில் விட்டுப் பாருங்கள். பைன் காய் பொறுக்கிக்கொண்டு அரை நாள் ஓட்டிவிடும்.

எந்த மாதம் வருவது

பள்ளிக்கூடம் போகாத பிள்ளை என்றால் மே மாதம் எதற்கு? மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்பைத் தாண்டுவதற்குள் பிள்ளை பசித்து, அழுது, தூங்கி எழுந்தே விடும். கைக்குழந்தைக்காரர்களுக்கு நான் சொல்வது பிப்ரவரி, மார்ச். உறைபனி பெரும்பாலும் குறைந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், கூட்டம் இருக்காது. பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் வேறு வழியில்லை, ஏப்ரல் முதல் பாதியில் முடிகிற மாதிரி பாருங்கள். செப்டம்பர் கடைசியில் தொடங்கும் செகண்ட் சீசனும் நல்லதுதான், காலாண்டு விடுமுறைக்குச் சரியாக வரும்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளி காலையில் வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். தலைகுந்தா பக்கம் பூஜ்ஜியத்தைத் தொடுகிற இரவுகள் உண்டு. ஒரு வயதுகூட ஆகாத குழந்தையை அந்தக் குளிருக்கு ஏன் கூட்டி வர வேண்டும்? அடுத்த வருஷம் வரட்டும். நவம்பரும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில்தான் கொட்டும். 1993 நவம்பரிலும் 2009 நவம்பரிலும் இங்கே மண் சரிந்து உயிர்கள் போயின. கனமழை பெய்தால் சாலை அடைபடும், மலை ரயிலும் ரத்தாகும்.

கிளம்பும் முன்பு

சொந்த வண்டியிலோ டாக்ஸியிலோ வந்தால் இ-பாஸ் (ஆன்லைனில் பதிந்து எடுக்கும் நுழைவு அனுமதி) வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பேருந்துக்குத் தேவையில்லை. 2025 சீசனில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அதனால் அறை போட்டதும் கையோடு இ-பாஸுக்கும் பதிந்துவிடுங்கள். சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றுகொண்டு, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, போனில் சிக்னல் தேடுவது பெரிய அவஸ்தை.

நீலகிரியில் பிளாஸ்டிக் தடை கடுமையானது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், கவர், ஸ்ட்ரா எல்லாம் அடக்கம். சாவடியில் பையைப் பார்ப்பார்கள், அபராதமும் போடுவார்கள். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள். இங்கே சாலையோரம் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், நிரப்பிக்கொள்ளலாம். டயப்பரைப் பற்றி ஒரு வேண்டுகோள். தயவுசெய்து வண்டி ஜன்னல் வழியாகச் சரிவில் எறியாதீர்கள். மானும் காட்டெருமையும் மேய்கிற இடம் அது. ஒரு பழைய துணிப்பையோ மூடி போட்ட டப்பாவோ அதற்கென்றே வைத்துக்கொண்டு, தங்குகிற இடத்துக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

துணியில் தாராளமாக எடுக்க வேண்டியது சாக்ஸ். ஸ்வெட்டர் ரெண்டு போதும்; சாக்ஸ் ஒரு நாளைக்கு மூன்று ஜோடி வேண்டும். காலைப் புல்லில் ஈரம் நிற்கும், பிள்ளை நேராக அதில்தான் இறங்கும், துவைத்துப் போட்டால் அன்றைக்குக் காயாது.

எங்கே தங்குவது

நான் குன்னூர்க்காரி என்பதால் சொல்லவில்லை: சின்னப் பிள்ளை இருந்தால் குன்னூரிலேயே தங்குங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850. அந்த வித்தியாசத்தில் இரண்டு மூன்று டிகிரி குளிர் குறைகிறது. பெரியவர்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. ராத்திரி போர்வையை உதைத்துத் தள்ளுகிற பிள்ளைக்குப் பெரிய விஷயம். ஊட்டியை ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம், இருபது கிலோமீட்டருக்குள்தான்.

அறை போடும்போது 'வியூ இருக்கா' என்று கேட்பதற்கு முன்னால் சிலவற்றைக் கேளுங்கள். வாசலில் இருந்து அறைக்கு எத்தனை படி? மலை ஊரில் 'தரைத்தளம்' என்று சொல்வதுகூட நாற்பது படி கீழே இருக்கலாம். சுடுதண்ணீர் எந்த நேரத்தில் வரும்? அறையில் கெட்டில் உண்டா? காலை வெயில் விழுமா? வெயில் படாத அறையில் மெத்தையும் போர்வையும் சில்லென்று ஈரம் கோத்த மாதிரி இருக்கும், சளிப் பிள்ளைக்கு ஆகாது. பால்கனிக் கம்பிகளின் இடைவெளியையும் போனதும் பாருங்கள். தலை நுழைகிற அளவு இருந்தால் அந்தக் கதவை அப்போதே தாழ் போட்டுவிடுங்கள்.

மலை ஏறும்போது

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு பர்லியார் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு வயதில் இருந்து பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் வளைவில் வயிற்றைப் புரட்டும். கைக்குழந்தைகள் பெரும்பாலும் தப்பித்துவிடுவார்கள். காரணம் சுலபம். உடம்பு ஆடுவதைக் காது சொல்கிறது, வண்டிக்குள் எதுவும் ஆடவில்லை என்று கண் சொல்கிறது. அதனால் கையில் இருக்கிற போனை மேட்டுப்பாளையத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள். கண் வெளியே, தூரத்தில் இருக்க வேண்டும். "அடுத்த வளைவு நம்பர் என்ன, பார்த்துச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு வளைவிலும் பலகை இருக்கும், எண்ணிக்கை கற்கிற வயதுப் பிள்ளைக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்றிரண்டு இட்லி போதும். பால், பூரி, எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஜன்னலை ஒரு விரல் அளவாவது திறந்து வையுங்கள். கார் வாசனைத் திரவியம் தொங்கினால் கழற்றி டிக்கியில் போடச் சொல்லுங்கள், பாதி வாந்திக்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம். வாந்தி மாத்திரையை மெடிக்கலில் கேட்டுத் தானாகக் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாதவை அதில் உண்டு. பிள்ளையைப் பார்க்கிற டாக்டரிடம் ஊரிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காது அடைத்துக் கைக்குழந்தை வீறிட்டால் பயப்பட வேண்டாம். விழுங்கும்போது காது திறந்துகொள்ளும். வண்டியை நிறுத்திப் பால் கொடுங்கள். வண்டி ஓடும்போது மடியில் படுக்கப் போட்டுப் பால் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள், வளைவில் எப்போது பிரேக் விழும் என்று தெரியாது. பெரிய பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் போதும்.

மலை ரயில்

எல்லாப் பிள்ளைகளுக்கும் ரயில் வேண்டும், அதைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். எந்தத் துண்டில் ஏறுவது என்பதுதான் கேள்வி. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் வண்டி ஊட்டி சேர ஐந்து மணி நேரம் பக்கம் ஆகும். 46 கிலோமீட்டர், 16 சுரங்கம், 250 பாலம். அருமையான பாதை, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் பெட்டியில் கழிப்பறை இல்லை, நிலையத்தில் நிற்கும்போதுதான் இறங்கிப் போக முடியும். எழுந்து நடக்கவும் இடமில்லை. நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அது ரொம்ப நீளம். அவர்களைக் குன்னூரில் இருந்து ஊட்டிக்குக் கூட்டிப் போங்கள். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நின்று நின்று ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். பிள்ளைக்கு அலுப்பு தட்டுவதற்குள் ஊட்டி வந்துவிடும்.

ஐந்து வயதுக்கு மேலே, ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளை என்றால் மட்டும் மேட்டுப்பாளையத்தில் ஏறுங்கள். அப்போது ஒன்றைத் தவறாமல் காட்டுங்கள். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பற்கள் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள் பக்கம் பக்கமாக ஓடும். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற பல்சக்கரம் அந்தப் பல்லில் கவ்விக் கவ்வித்தான் ஏறுகிறது. பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி உயரம் ஏறுகிற செங்குத்து அது. எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். ஒவ்வொரு பெட்டி முகப்பிலும் கொடியோடு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது பிள்ளையை இறக்கி, பாதுகாப்பான தூரத்தில் குனிந்து அந்தப் பற்களைப் பார்க்க வையுங்கள். என் அக்கா பேரன் வீட்டுக்கு வந்து ரெண்டு சீப்பை எடுத்துப் பல்லோடு பல் கோத்து, "சின்னப்பாட்டி, இப்படித்தான் ஏறுது" என்று எனக்கே பாடம் எடுத்தான். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டுவதையும் நின்று பாருங்கள்.

முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும், சீசன் நாட்களுக்கு உடனே தீர்ந்துவிடும். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். தனி சீட்டும் கிடையாது, உங்கள் மடிதான்.

எங்கெங்கே போவது

முதல் நாள் எங்கும் போகாதீர்கள். வந்ததும் குளித்து, சாப்பிட்டு, தங்குகிற இடத்தைச் சுற்றி ஒரு நடை. பிள்ளை புது இடத்தில் தூங்கிப் பழகட்டும்.

குன்னூர் சிம்ஸ் பூங்காதான் என் முதல் சிபாரிசு. 1874-இல் போட்டது. ஊட்டிப் பூங்காவை விடச் சின்னது, மரங்கள் அடர்ந்தது, பிள்ளைகள் விளையாட இடமும் குளத்தில் படகும் உண்டு. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: வாசலில் இருந்து உள்ளே எல்லாமே இறக்கம். போகும்போது பிள்ளை துள்ளி ஓடும். திரும்பும்போது அந்த ஏற்றத்தில் உங்கள் இடுப்பில்தான் வரும். அதனால் முழுசாகக் கீழே போய்விடாமல் பாதியிலேயே ஒரு மரத்தடியைப் பிடித்து உட்காருங்கள்.

ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-இல் தொடங்கியது. காலையில் திறந்ததும் போய்விட்டால் கீழே உள்ள பெரிய புல்வெளி கிட்டத்தட்ட உங்களுக்கே. தள்ளுவண்டி கீழ்ப் பாதைகளில் நன்றாக உருளும், மேலே ஏற ஏறச் சிரமம். இரண்டு கோடி ஆண்டுப் பழைய மரம் கல்லாகிக் கிடப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பதினொரு மணிக்கெல்லாம் கூட்டம் நிரம்பும், அப்போது நீங்கள் வெளியே வந்துகொண்டிருக்க வேண்டும்.

தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீலகிரியிலேயே உயரம். காற்று முகத்தில் அறையும். கைக்குழந்தையோடு போக வேண்டாம். ஒருவர் வண்டியில் இருக்க மற்றவர்கள் போய் வரலாம். ஊட்டி ஏரியில் படகில் ஏறினால் பிள்ளை அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரியவர்கள் ஜாக்கெட்டை மாட்டினால் தண்ணீரில் பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். ரோஜா பூங்கா அழகுதான், ஆனால் அடுக்கடுக்காகப் படிகள். தூக்கிக்கொண்டு ஏறத் தெம்பு இருந்தால் போங்கள்.

பட்டியலில் இல்லாத ஒரு இடம் சொல்கிறேன். கேத்தி பாலாடா பக்கம் கேரட் தோட்டங்கள். மண்ணில் இருந்து இலையோடு பிடுங்கி, கழுவி மலை மாதிரிக் குவித்திருப்பார்கள். கேரட் மண்ணுக்கு அடியில் விளைகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். சாலையோரக் கடையில் இலையோடு ஒரு கட்டு வாங்கிக் கையில் கொடுங்கள். வீட்டில் கேரட்டை ஒதுக்கி வைக்கிற பிள்ளைகள் இங்கே நறுக் நறுக்கென்று கடித்துத் தின்பதை நான் பார்த்திருக்கிறேன்.

குளிரும் வெயிலும்

பகலில் ஒரு தடி ஸ்வெட்டரை விட மெல்லிய துணி இரண்டு மூன்று அடுக்கு நல்லது. ஓடி வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். வியர்த்த உடம்போடு காற்றில் நின்றால்தான் நடுக்கம் எடுக்கும். குழந்தைக்குக் கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பின்கழுத்தில் கை வைத்துப் பாருங்கள். அது கதகதப்பாக இருந்தால் போதும், வியர்த்திருந்தால் ஒரு அடுக்கு அதிகம். கைக்குழந்தையை அறைக்குள் குல்லாவோடு தூங்க வைக்க வேண்டாம், சூடு தலை வழியாகவும் வெளியேற வேண்டும்.

குளிராக இருப்பதால் வெயில் தெரியாது. உயரம் ஏற ஏற வெயிலின் புற ஊதாக் கதிர் கூடும். சாயந்திரம் பார்த்தால் கன்னம் இரண்டும் சிவந்து வெடித்திருக்கும். அகல விளிம்புத் தொப்பி வேண்டும், ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குச் சன்ஸ்கிரீனும் வேண்டும். கன்னத்துக்கும் உதட்டுக்கும் தடவுகிற தேங்காய் எண்ணெயோ வாசலினோ வெடிப்புக்குத்தான் ஆகும், வெயிலைத் தடுக்காது.

இனிச் சொல்லப் போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். குளிருக்கு என்று அறைக்குள் கரி அடுப்பு, தணல் சட்டி எதையும் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். மலை ஊர்களுக்குச் சுற்றுலா வந்தவர்கள் இப்படிப் போயிருக்கிறார்கள். கூடுதல் கம்பளி கேளுங்கள், எல்லோரும் ஒரே அறையில் படுங்கள்.

அடுத்தது நீலகிரி தைலம். கடைக்குக் கடை பாட்டில் அடுக்கியிருக்கும், எல்லோரும் வாங்குவீர்கள். பெரியவர்கள் முட்டிக்குத் தேயுங்கள். சின்னக் குழந்தையின் மூக்கிலும் முகத்திலும் தடவக் கூடாது. பிள்ளை வாயில் ஊற்றிக்கொண்டால் கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பும் மயக்கமும் வரலாம். வாங்கியதும் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டுங்கள். அப்படி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்.

குரங்கு, காட்டெருமை

கையில் சிப்ஸ் பாக்கெட்டோடு நிற்கிற மூன்று வயதுப் பிள்ளையும் குரங்கும் ஒரே உயரம். பூங்கா வாசல், ரயில் நிலையம், வியூ பாயிண்ட் எங்கும் பிள்ளை கையில் தின்பண்டம் இருக்கக் கூடாது. சாப்பிட வேண்டும் என்றால் வண்டிக்குள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசியைத் தொடங்குங்கள். 'சின்னக் கீறல்தானே' என்று விடாதீர்கள்.

குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை சாதாரணமாக மேயும். எருமை மாதிரி சாதுவாகத் தெரியும், கிட்டே போனால் திரும்பிப் பாயும். வண்டியை விட்டு இறங்காமல் பாருங்கள். பிள்ளையைத் தேயிலைச் செடிக்கு நடுவில் நிறுத்திப் படம் எடுப்பதற்கு முன்னால் தோட்டத்துக்காரர்களைக் கேளுங்கள். அன்றைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

சாப்பாடு

இங்கே பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுவார்கள், பயம் வேண்டாம். ஆனால் உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே. அதனால் திறந்த பாத்திரத்தில் வைக்கிற சாதமும் பருப்பும் வேக நேரம் எடுக்கும். கைக்குழந்தைக்குக் கஞ்சி, பருப்பு சாதம் நீங்களே செய்வதாக இருந்தால் சின்னக் குக்கர் ஒன்று எடுத்து வாருங்கள், வழக்கத்தை விட ஒரு விசில் கூட விடுங்கள். குடிக்கிற தண்ணீரை நன்றாகக் கொதிக்க விட்டு பிளாஸ்க்கில் வைத்துக்கொண்டு போங்கள். குளிரில் பிள்ளை தாகம் என்று கேட்காது; நீங்களாகக் கொடுக்க வேண்டும்.

இறங்கும்போது

காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். மே மாதம் வழக்கமாக ஒருவழிப் பாதை ஆக்குவார்கள்: ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. நேரத்தை அதற்குத் தகுந்த மாதிரி கணக்குப் போடுங்கள். இரண்டாவது கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள், பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும்.

காது வலி ஏறும்போதை விட இறங்கும்போதுதான் அதிகம். சளி பிடித்த பிள்ளைக்கு இன்னும் கூட. தூங்கிக்கொண்டே இறங்கினால் விழுங்காது, வலித்து எழும். அதனால் வளைவுகள் முடியும் வரை விழித்திருக்கட்டும், அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். பாதி இறங்கியதும் ஸ்வெட்டரையும் சாக்ஸையும் கழற்றிவிடுங்கள். கீழே போகப் போகச் சூடு சட்டென்று ஏறும், புழுக்கத்தில்தான் கடைசி வளைவில் வாந்தி வரும். மேலே ஒன்றிரண்டு இட்லி மட்டும் கொடுத்துவிட்டு, மீதிக் காலைச் சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு, மேட்டுப்பாளையம் வந்து உட்கார்ந்து ஊட்டுங்கள்.